அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் எப்படி, வண்டி நிறுத்த இடம் உண்டா, மெயின்டனன்ஸ் எவ்வளவு என்றெல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்கள். கரண்ட் விஷயத்தை மட்டும் ஒரே கேள்வியோடு விட்டுவிடுவார்கள். "கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்பார்கள். ஓனரும் "ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரும் சார்" என்பார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாதத்துக்கா, இரண்டு மாதத்துக்கா? மார்கழி பில்லா, சித்திரை பில்லா? முன்பு குடியிருந்தவர்கள் இரண்டு பேரா, ஆறு பேரா? ஏசி ஓடியதா?

ரூபாயைக் கேட்காதீர்கள், யூனிட்டைக் கேளுங்கள். ஏன் என்பது கட்டண முறையைப் பார்த்தால் விளங்கும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு. 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த விகிதம் இப்படி: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே வேறு. 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. 2025 ஜூலையில் அறிவித்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. வீடுகளுக்கான நிலைக்கட்டணம் 2022லேயே போய்விட்டது. ஜூலைதோறும் மாற வாய்ப்புள்ள எண்கள் இவை என்பதால், வீடு பார்க்கும் வாரத்தில் ஈபியின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பானில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதை ரூபாயாக்கினால்: 400 யூனிட்டுக்கு 1,175. 500 யூனிட்டுக்கு 1,805. 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். 600க்கு 2,880, 800க்கு 4,770, 1000க்கு 6,870. யூனிட் இரண்டு மடங்கானால் பில் நான்கு மடங்காகிறது. அதனால்தான் "மாதம் இவ்வளவு வரும்" என்று யாரும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட முடியாது. வெயில் காலத்தில் உங்கள் குடும்பம் 500க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் விஷயம்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, உங்கள் வீட்டுக்கென்று தனி ஈபி இணைப்பு இருக்கிறதா என்பது. தனி வீடுகளில் மாடி போர்ஷனுக்கு, ஈபி மீட்டருக்குப் பின்னால் ஓனரே மாட்டும் சப் மீட்டர் மட்டும் வைத்து, "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுத்துவிடுங்கள்" என்பது சென்னையில் சகஜம். கீழ் வீடு 400, மேல் வீடு 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி இணைப்பு என்றால் ஆளுக்கு 1,175, மொத்தம் 2,350. ஒரே இணைப்பில் 800 ஓடினால் 4,770. உங்கள் பங்குக்கு வரவேண்டிய இலவச 100 யூனிட்டும், 2.35 படியும் காணாமல் போய்விடுகின்றன. ஏசியே இல்லாமல் 290 யூனிட் ஓட்டும் குடும்பம் தனி இணைப்பில் 658 ரூபாய் கட்டும். எட்டு ரூபாய் கணக்கில் அதே குடும்பம் 2,320 கொடுக்கிறது. மாதத்துக்கு 830 ரூபாய் கூடுதல் வாடகை என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகும் வீடு கட்டுப்படியாகிறது என்றால் மட்டும் மேலே பேசலாம்.

தனி இணைப்பு இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது மீட்டர் பெட்டி. நிறைய வீடுகளில் மீட்டர் பக்கத்திலோ ஓனர் வீட்டு அலமாரியிலோ வெள்ளை ஈபி கார்டு இருக்கும். கணக்கெடுக்க வருபவர் தேதி, ரீடிங், யூனிட், தொகை ஆகியவற்றை அதில் கையால் எழுதிவிட்டுப் போவார். கார்டு இல்லாவிட்டால் ஓனரின் போனில் ஈபி கணக்கைத் திறந்து பழைய பில் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வேண்டியது ஆறு பில், அதாவது ஒரு முழு வருடம். அதில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மே அல்லது ஜூன் மாதம் எடுத்த ரீடிங்கின் யூனிட் ஒன்று, டிசம்பர் அல்லது ஜனவரி ரீடிங்கின் யூனிட் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வீடு வெயிலுக்காகச் சாப்பிடும் கரண்ட். குளிர் மாதத்தில் 250, கோடையில் 900 என்று இருந்தால், முன்பு இருந்தவர்கள் ஏசியை அதிகம் போட்டிருக்க வேண்டும், அல்லது வீடே அடுப்பாக இருக்க வேண்டும். எது என்று நேரில்தான் தெரியும்.

தேதிகளையும் கவனியுங்கள். ரீடிங் எடுப்பவர் 60 நாளுக்கு வரவேண்டியவர் 66ஆம் நாள் வந்தால் அந்த ஆறு நாள் யூனிட்டும் இதே பில்லில் ஏறும். கோடையில் நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 480ல் நிற்க வேண்டியது 528 ஆகிவிடும். கார்டில் தேதிகள் முன்னே பின்னே தாவிக்கொண்டிருந்தால் 500க்குப் பக்கத்தில் கணக்கை நெருக்கிப் போடாதீர்கள். 40, 50 யூனிட் இடைவெளி விட்டே போடுங்கள்.

இனி உங்கள் குடும்பத்தின் சொந்தக் கணக்கு. இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை, இரண்டு படுக்கையறை வீடு என்று ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்களை அதில் மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே 60 நாளுக்கு.

ஃபேன்தான் பலரும் குறைத்து மதிப்பிடுவது. பழைய மாடல் சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட் எடுக்கும். நான்கு ஃபேனும் சேர்ந்து நாளுக்கு 30 மணி நேரம் ஓடினால் 2.25 யூனிட், 60 நாளில் 135. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு 240 யூனிட் என்று போட்டிருந்தால் சராசரி நாளுக்கு 0.66. வெயில் காலத்தில் 0.8 என்று வையுங்கள், 48 யூனிட். டிவி நான்கு மணி நேரம், அத்துடன் இரவும் பகலும் அணைக்காமல் கிடக்கும் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரௌட்டர் சேர்ந்து இன்னொரு 48. எல்இடி விளக்குகள் 24, அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, கிரைண்டர் 18, குளிர்ந்த நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின் 8, தண்ணீர் ஃபில்டரும் போன் சார்ஜரும் 9. ஆக மொத்தம் 290 யூனிட், 658 ரூபாய். சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்புதான் என்றால் நாளுக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் கூட்டுங்கள். கீசரைச் சென்னையில் கோடைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இப்போது ஏசி. அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளை நட்சத்திரத்துக்காகப் பார்க்காதீர்கள், கீழே இருக்கும் வருட யூனிட்டுக்காகப் பாருங்கள். அந்த எண் வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கில் போட்டது. ஆகவே 1,600ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். 1.5 டன், 1,000 யூனிட் என்று லேபிள் சொன்னால் மணிக்கு 0.625. ஆனால் அது வருடம் முழுதுக்குமான சராசரி. மே மாதச் சென்னையில் பகல் உச்சம் சராசரியாக 37 டிகிரிக்கு மேல், இரவிலும் 28 வரைதான் இறங்கும், காற்றில் ஈரப்பதம் வேறு. அதனால் கால் பங்கு கூட்டி 0.78 என்று வைத்துக்கொள்வது நல்லது. இரவில் எட்டு மணி நேரம் என்றால் 60 நாளில் 375 யூனிட்.

290உடன் 375 சேர்ந்து 665. பில் 3,494 ரூபாய். 658 ரூபாயில் இருந்த வீடு ஒரே ஏசியால் இங்கே வந்துவிட்டது. ஏசியின் யூனிட் எல்லாம் படிக்கட்டின் மேல்படியில் ஏறுவதால் அதன் உண்மையான விலை யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் ஆகிறது. பிள்ளையின் அறைக்கும் இதே போல இன்னொரு ஏசி போட்டால் 1,040 யூனிட், 7,332 ரூபாய். முதல் ஏசிக்கு 2,836, இரண்டாவதுக்கு 3,838. ஒரே மாதிரி இயந்திரம், ஒரே நேரம் ஓடுகிறது, ஆனால் இரண்டாவதுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல். மூன்று அறையிலும் ஏசி பாயின்ட் இருக்கிறது என்று புரோக்கர் பெருமையாகக் காட்டும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். எல்லோரும் ஓர் அறையில் படுக்கும் அளவுக்கு ஒரு பெரிய படுக்கையறை உள்ள வீடு கோடையில் நிஜமாகவே பணத்தை மிச்சப்படுத்தும்.

வருடத்துக்கு இரண்டு பில் முழு ஏசி, இரண்டு பில் பாதி ஏசி, இரண்டு பில் ஏசி இல்லாமல் என்று வைத்தால் 3,494, 1,666, 658 மூன்றையும் இரண்டிரண்டாகக் கூட்ட வேண்டும். வருடத்துக்கு 11,636, மாதத்துக்குச் சராசரி 970 ரூபாய். வாடகையோடு சேர்த்து மற்ற வீடுகளோடு ஒப்பிட இந்த 970தான் சரியான எண். ஆனால் ஜூனில் கையில் இருக்க வேண்டியது 3,500.

வாடகை வீட்டில் செய்யக்கூடிய ஒரே செலவாக நான் சொல்வது பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் புதிய வகை மோட்டார் உள்ள ஃபேன். 28 முதல் 35 வாட்தான் எடுக்கும். மேலே சொன்ன 135 யூனிட் 54 ஆகிவிடும். 665 யூனிட் 584க்கு இறங்கும், பில்லில் 748 ரூபாய் குறையும். அத்துடன் ஏசியை ஆறு மணி நேரத்தோடு நிறுத்தினால் 500க்குள்ளேயே அடங்கிவிடும், பில் 1,805ஐத் தாண்டாது. காலி செய்யும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். ஓனரின் பழைய ஃபேனை மட்டும் பத்திரமாகப் பரணில் எடுத்து வையுங்கள்.

ஓனரே ஏசி மாட்டி வைத்திருக்கிறார் என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். லேபிளில் எந்த ஆண்டுக்கான நட்சத்திரம் என்று அச்சிட்டிருக்கும். 2022 ஜூலையில் அளவுகோல் கடினமானது. 2018ல் ஐந்து நட்சத்திரத்துக்குத் திறன் எண் 4.5 போதும், 2022 ஜூலையில் அது 5 ஆனது. 2018ன் ஐந்து 2022ன் நான்குக்குச் சமம். லேபிளே உதிர்ந்துபோன பழைய ஏசி என்றால் மீட்டரை வைத்து நாமே அளந்துவிடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். வெளி யூனிட் எங்கே இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். காற்றோட்டமில்லாத டக்ட்டுக்குள்ளோ, துணி காயப்போட மூடிய பால்கனியிலோ வைத்திருந்தால் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓடும். எவ்வளவு நல்ல ஏசியும் அங்கே கரண்டைத் தின்னும்.

வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். காலை பத்து மணிக்கு எல்லா வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். மாலை ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் போய் அரை மணி நேரம் கழிந்தும் சுவர் கதகதவென்று இருந்தால் அந்தச் சூடு நடுராத்திரி வரை அறைக்குள்தான் இறங்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடானால் பரணில் கை எட்டும் இடத்தில் கூரையைத் தொட்டுப் பாருங்கள், பிறகு மாடிக்கு ஏறி மேலே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வெறும் சிமெண்ட் தரை, பாசி படிந்து கறுத்துப்போன தளம் என்றால் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். வெள்ளை ஓடு பதித்தோ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோ இருந்தால் நிலைமை எவ்வளவோ மேல். வெறும் தளத்துக்குக் கீழே ஏசி ஓய்வெடுக்காமல் ஓடுவதால், அப்படிப்பட்ட அறைக்கு நான் மணிக்கு 0.78க்குப் பதில் 1.1 என்று போடுவேன். 665 யூனிட் 818 ஆகும், பில் 4,959. மேல்மாடி வாடகை ஐந்நூறு ரூபாய் குறைவு என்றால் கோடையில் மாதம் 730 ரூபாய் அதிகம் போகிறது. பூச்சு அடித்துத் தரச் சொல்லி அட்வான்ஸுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

மதியவாக்கில் கடல் காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். அந்தப் பக்கம் ஜன்னலும் அதற்கு எதிரே இன்னொரு திறப்பும் இருந்தால் சாயங்காலம் ஏசி போடும் நேரம் ஒரு மணி, இரண்டு மணி தள்ளிப்போகும்.

இனி மீட்டர் சோதனை. இது பத்து நிமிட வேலை, ஓனர் கூட இருக்கும்போதே செய்யலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 3200 அல்லது 1600 என்று ஓர் எண் இருக்கும். அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். முதலில் வீட்டுக்குள் மெயின் சுவிட்சை அணையுங்கள். விளக்கு மின்னுவது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே வேறு எங்கோ ஒயர் போகிறது. மாடிப்படி விளக்காக இருக்கலாம், பக்கத்துப் போர்ஷனாக இருக்கலாம், மோட்டாராக இருக்கலாம். பிறகு மெயினைப் போட்டு, எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில் மறுபடி பாருங்கள்.

3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஐந்து தடவை மின்னுகிறது என்று வைப்போம். ஐந்தை அறுபதால் பெருக்கி 3200ஆல் வகுத்தால் 0.094 கிலோவாட், அதாவது 94 வாட். சின்ன எண் மாதிரி தெரியும். அது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவதால் 60 நாளில் 135 யூனிட். உங்களுடையதே இல்லாத கரண்ட்டுக்கு 290 யூனிட் வீடு 425க்குப் போய், 658 ரூபாய் பில் 1,332 ஆகிறது.

ஓனரின் ஏசியையும் இதே விளக்கால் அளக்கலாம். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு ஏசியை 24 டிகிரியில் இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 64 தடவை என்றால் 1.2 கிலோவாட், 85 என்றால் 1.6. இன்வெர்ட்டர் ஏசியில் போகப் போக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். இறங்காமல் 85லேயே நின்றால் அது பழைய வகை, அல்லது கேஸ் குறைந்தது, அல்லது அறைக்குச் சிறியது. வேகமாக மின்னுவதை எண்ணச் சிரமமாக இருந்தால் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு எச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். நாலு வீட்டுக்கும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரம் உங்கள் மீட்டரில் ஓடினால் 120 யூனிட். பொது மீட்டர் தனியாக இருந்தால் அதில் இலவச 100 கிடையாது. பெரிய கட்டடங்களில் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், நிலைக்கட்டணமும் உண்டு. லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்குச் சலுகை விகிதம் இருக்கிறது. உங்கள் பங்கு மெயின்டனன்ஸிலேயே அடக்கமா, தனியாகப் பிரிப்பார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெனரேட்டர் வசதியுள்ள குடியிருப்பில் டீசல் கரண்டைத் தனியாக எழுதுவார்கள். ஒரு லிட்டரில் மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும் என்பதால் அது ஈபி விலையைப் போலப் பல மடங்கு வரும். அதில் ஏசியும் ஓடுமா, ஃபேன் விளக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

பில்லில் சில சமயம் கூடுதல் வைப்புத்தொகை என்று ஒரு வரி வந்து நிற்கும். பயன்பாடு கூடியதற்காக ஈபி கேட்கும் டெபாசிட் அது. இணைப்போடு தங்கிவிடும், நீங்கள் காலி செய்யும்போது உங்களோடு வராது. ஓனர்தான் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குடிவரும் தேதி. பில் சுற்று நடுவில் நீங்கள் வருவீர்கள். முதல் மாதம் பழைய குடித்தனக்காரர் 400 யூனிட் ஓட்டிவிட்டு, 400க்கான 1,175 ரூபாயை ஓனரிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் அடுத்த மாதம் 200தான் ஓட்டுவீர்கள். பில் 600 யூனிட்டுக்கு 2,880 என்று வரும். மீதி 1,705 உங்கள் தலையில் விழும். யூனிட் விகிதப்படி பிரித்தால் உங்கள் பங்கு 960தான். ஆகவே சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கையும், அதன் கீழே இருக்கும் இணைப்பு எண்ணையும் ஒரே போட்டோவில் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "முதல் பில்லை யூனிட் விகிதப்படி பிரித்துக்கொள்வோம்" என்று அதோடு எழுதி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு அட்வான்ஸின் மீதியைக் கொடுங்கள்.